திருநெல்வேலியிலருந்து ரயில்ல ஒரு நாள்: கல்லிடைக்குறிச்சில எறங்கி அம்பையில ஏறுங்க

நவம்பர் 3, 2024 (கேள்வி)

பாளையங்கோட்டைக்குக் குடிவந்து மூணு மாசம்தான் ஆகுது, இந்தப் பக்கம் எதுவும் தெரியாது. அப்பாவுக்கு 72 வயசு. காலைல ரயில்ல கெளம்பி ஒரு ஆத்தங்கரை ஊர்ல பகல் முழுக்க இருந்துட்டு பொழுது சாய வீடு வந்து சேரணும், கார் வேண்டாம் ரயில்தான் வேணும்னு அப்பா உறுதியா இருக்கார். குற்றாலக் கூட்டம் வேண்டாம். ஸ்ரீவைகுண்டமா அம்பாசமுத்திரமா? அம்பைன்னா அதே நாள்ல பாபநாசமும் மணிமுத்தாறும் சேத்துப் பாத்துரலாமா? விவரம் தெரிஞ்ச அண்ணாச்சி யாராவது சொல்லுங்க.

நவம்பர் 3, ராத்திரி

அம்பைதான். ஆனா போறப்ப அம்பையில எறங்காதீங்க தம்பி. அதுக்கு முந்தின ஸ்டேஷன் கல்லிடைக்குறிச்சி, அங்க எறங்கிருங்க. ரெண்டு ஊருக்கும் நடுவுல தாமிரவருணி ஓடுது, அக்கரை கல்லிடை, இக்கரை அம்பை. காலைல கல்லிடைத் தெருவும் கோயிலும், அப்புறம் ஆத்துப் பாலத்துல நடந்தே அம்பைக்கு வந்து சாப்பாடு, சாயங்காலம் படித்துறையில உக்காந்துட்டு அம்பை ஸ்டேஷன்ல வண்டி ஏறுங்க. நா முப்பது வருஷமா இப்படித்தான் போயிட்டு வாறேன், எங்க அம்மை பொறந்த ஊர் கல்லிடை. பாபநாசம் மணிமுத்தாறு எதையும் இதோட சேக்காதீங்க. ஏன்னு பெறவு எழுதுறேன்.

நவம்பர் 4, காலைல

டிக்கெட் பத்தி கேட்டிருந்தீங்க. செங்கோட்டை பாசஞ்சர்ல ரிசர்வேஷன் கெடையாது, ஸ்டேஷன்ல வாங்கிட்டு ஏற வேண்டியதுதான், ஆளுக்கு 10 ரூபா. கொரோனாவுக்கு அப்புறம் பாசஞ்சரையே ஸ்பெஷல்னு பேர் மாத்தி கொறஞ்ச டிக்கெட்ட 30 ரூபா ஆக்கி வச்சிருந்தாங்க, 2024 தொடக்கத்துலதான் திரும்ப 10க்கு வந்துச்சு. வயல் வேலைக்கும் சந்தைக்கும் தெனம் போற சனத்துக்கு அந்த 20 ரூபா எவ்வளவு பெரிசுன்னு அந்த வண்டில ஏறிப் பாத்தாத்தான் தெரியும்.

ஜங்ஷன்லருந்து போறப்ப இடது பக்க ஜன்னல்ல உக்காருங்க. பேட்டை தாண்டினதும் மலை எட்டிப்பாக்கும், சேரன்மகாதேவி வர்றதுக்குள்ள நல்லாத் தெரிய ஆரம்பிச்சிரும். வலது பக்கம் வழி முழுக்க ஆறு கூடவே வரும். அப்பாவ வேணா வலது பக்கம் உக்கார வைங்க, ஆளுக்கொரு ஜன்னல்.

நவம்பர் 4, மத்தியானம்

காலைல எழுதுனதுல ஒரு தப்பு இருக்கு, மன்னிக்கணும். வழி முழுக்க ஆறு கூடவே வரும்னு எழுதிட்டேன், அப்படி வராது. தண்டவாளம் ஆத்த விட்டுத் தள்ளி வயக்காட்டுக்குள்ளதான் போகுது, ஆறு கண்ணுல படுறது ரெண்டே எடம், சேரன்மகாதேவிக்கு முன்னால பாலத்துல ஒரு தடவ, கல்லிடைக்கும் அம்பைக்கும் நடுவுல இன்னொரு தடவ. கல்லிடைல எறங்குனா போறப்ப ரெண்டாவது பாலம் கெடையாது, திரும்பி வாறப்ப அம்பையில வண்டி எடுத்த கொஞ்ச நேரத்துல வரும், ரெடியா இருங்க. நமக்கு ஊர் மேல பாசம் இருக்கப் போயி ஆறு கூடவே வந்த மாதிரி மனசுல பதிஞ்சு கெடக்கு. அதனால அப்பாவும் இடது பக்கமே உக்காரட்டும்.

நவம்பர் 6

ஏன் பாபநாசம் சேக்க வேண்டாம்னு சொன்னேன்னா.

2016ல அம்மைய கூட்டிட்டுப் போனேன், அப்ப அவளுக்கு 68. ரொம்ப நாள் கழிச்சு பொறந்த ஊருக்குப் போறா. நா என்ன செஞ்சேன், ஒரு நாள் கெடச்சிருக்கு, எல்லாத்தையும் காட்டிரலாம்னு ஒரு கார் பிடிச்சு காலைல மணிமுத்தாறு அருவி, மத்தியானம் பாபநாசம் கோயில், மேல அகஸ்தியர் அருவின்னு வரிசையா கூட்டிட்டுப் போனேன். செக்போஸ்ட்ல ஒரு மணி நேரம் நின்னோம். அருவில கூட்டம், அவளால கிட்டயே போக முடியல. கல்லிடைக்கு வந்து சேர்றப்ப மணி அஞ்சரை, சாயங்கால வண்டி போயிருச்சு. அவ வெளையாடின தெருவுக்குள்ள நொழையவே இல்ல, கார் ஜன்னல் வழியா "அந்தத் திருப்பத்துலதாம்ல எங்க வீடு"ன்னு கைய காட்டுனா, அவ்வளவுதான். பெறவு பஸ்ஸுல பாதித் தூரம் நின்னுக்கிட்டே வந்தா. ஒரு வார்த்த கொற சொல்லல. அதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் தாங்கல.

மறு வருஷம் திரும்பப் போறதுக்கு நாள் பாத்து வச்சிருந்தோம். அதுக்குள்ள அவ படுத்துட்டா.

அதனாலதான் சொல்றேன், பாபநாசம் தனி நாள், மணிமுத்தாறு தனி நாள். ரெண்டும் எங்கயும் ஓடிப் போகாது. ஒரு ஆறு, ரெண்டு கரை, ஒரு பாலம், உங்க அப்பாவுக்கு ஒரு பகலுக்கு அது தாராளம்.

நவம்பர் 7

இன்னொருத்தர் ஸ்ரீவைகுண்டத்த ஏன் தள்ளிட்டீங்கன்னு கேட்டிருக்கார். தள்ளவே இல்ல. திருச்செந்தூர் லைன்ல ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி ரெண்டுலயும் ஸ்டேஷன் இருக்கு, ரெண்டுமே நவதிருப்பதில சேந்தது, ஆழ்வார்திருநகரி நம்மாழ்வார் ஊர், அந்தப் புளியமரத்தடில நிக்கிறதுக்கே ஒரு நாள் போகலாம். ஆனா அது கோயிலுக்குன்னு போற பயணம். ஆத்துக்காகன்னு கேட்டா மேக்க போறதுதான் சரி. மலை பக்கத்துல இருக்கு, தண்ணி தெளிவு, அடில கெடக்குற கூழாங்கல்லு வரைக்கும் தெரியும்.

நவம்பர் 9

கல்லிடைல என்ன பாக்கன்னு கேட்டிருந்தீங்க. அப்பளம் எல்லாருக்கும் தெரியும், வாங்கிக்கோங்க. உளுந்த விட ஆத்துத் தண்ணிதான் ருசிக்குக் காரணம்னு எங்க ஆச்சி சொல்லுவா. ஆதிவராகப் பெருமாள் கோயில் இருக்கு, முத்துசுவாமி தீட்சிதர் அவர் மேல ஆபோகி ராகத்துல கீர்த்தனை பாடியிருக்கார். சங்கீதம் கேக்குறவரா இருந்தா உங்க அப்பாவுக்கு சன்னதில நிக்கிறப்ப தானா வாயில வரும்.

ஆனா நா போக சொல்றது குலசேகரமுடையார் கோயிலுக்கு. அம்பாள் பேரு அறம்வளர்த்த நாயகி. அங்க இருந்த பஞ்சலோக நடராஜர 1982ல களவாண்டுட்டுப் போயிட்டாங்க. கடைசில பாத்தா ஆஸ்திரேலியாவுல அடிலெய்டு ஊர் மியூசியத்துல இருக்கார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துல பழைய கோயில் ஃபோட்டோ எல்லாம் சேத்து வச்சிருந்தாங்க, அத ஒப்பிட்டுத்தான் இது நம்ம கல்லிடை நடராஜர்னு நிரூபிச்சது. 2019 செப்டம்பர்ல திரும்ப வந்தார். டெல்லியிலருந்து சென்னைக்கு அவர ரயில்லதான் கொண்டாந்தாங்க, சென்ட்ரல் பிளாட்பாரத்துலயே மாலை மரியாதை நடந்துச்சு. அந்த வீடியோவ நா எத்தன தடவ பாத்திருப்பேன்னு எனக்கே கணக்கில்ல. நாப்பது வருஷமா ஊர்ல இல்லாத சாமி.

நவம்பர் 10

நாப்பது வருஷம் இல்ல, 37. 1982லருந்து 2019. ஒருத்தர் கணக்கு போட்டுக் காட்டியிருக்கார், சரிதான், நன்றி. இந்த மாதிரி விஷயத்துல வருஷத்தக் கூட்டி சொல்லக்கூடாது, 37ங்குறதே பெரிய காலம். அம்மை அந்த சாமி வந்த சேதி கேக்குறதுக்கு இல்லாம போயிட்டா.

நவம்பர் 17

தம்பி, அப்பாவுக்கு மூட்டு வலின்னு நீங்க மொதல்லயே சொல்லியிருந்தா நா பாலத்துல நடங்கன்னு எழுதியிருக்க மாட்டேன். ஸ்டேஷன்லருந்து ஸ்டேஷனுக்குன்னா நல்ல கால் இருக்குறவங்களுக்கே முக்கால் மணி நேரம் ஆகும், வெயில்ல இன்னும் ஜாஸ்தி. ஆட்டோ வச்சுக்கோங்க. ஆனா டிரைவர் கிட்ட முன்னாடியே பேசிருங்க, பாலத்துக்கு இந்தப் பக்கம் எறக்கி விடணும், நாங்க மெதுவா நடந்து வருவோம், அந்த முனைல வந்து ஏத்திக்கணும்னு. பாலத்த மட்டுமாவது கால்ல கடக்கணும். நடுவுல நின்னு மேக்க பாத்தா பொதிகை வரிசையா நிக்கும், கீழ அந்தப் பாறை நடுவுல தண்ணி ரெண்டா பிரிஞ்சு திரும்பவும் ஒண்ணு சேர்றது தெரியும். லாரி போறப்ப பாலம் லேசா அதிரும், பயப்பட வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லி வைங்க.

நேரம் இன்னொரு விஷயம். கோயில் எல்லாம் பன்னெண்டுக்குள்ள நடை சாத்திருவாங்க, பெறவு சாயங்காலம்தான். அதனால காலைல முதல் வண்டிய விட்டுராதீங்க. வண்டி நேரத்த இங்க நா எழுத மாட்டேன், அடிக்கடி மாத்துறாங்க, நீங்க போற நாளைக்கு ஆப்புல பாத்துக்கோங்க. முக்கியமா திரும்பி வர்ற வண்டிய ரெண்டு தடவ பாருங்க.

நவம்பர் 23

இன்னிக்கு சும்மா எழுதுறேன், பயணத்துக்கு சம்பந்தம் கொஞ்சந்தான்.

சேரன்மகாதேவி தாண்டி ஜன்னல்ல பாக்குற அந்தப் பச்சை, அதுல முக்காவாசி கன்னடியன் வாய்க்கா தண்ணி. ஆத்துல வரிசையா எட்டு அணைக்கட்டு இருக்கு, அதுல ஸ்ரீவைகுண்டம் ஒண்ணுதான் வெள்ளைக்காரன் கட்டுனது, மத்த ஏழும் பழைய ராஜா காலத்து வேல. கன்னடியன் அதுல ஒண்ணு. ஊர்ல ஒரு கதை உண்டு, வாய்க்கா வெட்ட வந்தவர் ஒரு பசு மாட்ட முன்னால விட்டு அது நடந்த வழியே வெட்டுனாராம், அது சாணி போட்ட எடத்துல மடை, படுத்த எடத்துல குளம். ஆச்சி இத சொல்றப்ப நாங்க மாடு எங்கன தூங்குச்சுன்னு சண்ட போடுவோம்.

அம்பையில நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, 1937லருந்து. இட்லிக்குப் போடுற ஏ.எஸ்.டி. 16 கேள்விப்பட்டிருப்பீங்க, கடைல அம்பை 16ன்னு கேட்டாலும் குடுப்பாங்க, அந்த ஏ.எஸ்.டி. அம்பாசமுத்திரம்தான். நெல்லு விஷயத்துல இந்த ஊருக்கு இன்னும் பழைய கணக்கு ஒண்ணு இருக்கு. வரகுண பாண்டியன் கல்வெட்டு ஒண்ணு இங்க கெடச்சது, அப்ப ஊர் பேரு இளங்கோக்குடி. ராஜா 290 காசு ஊர்ச் சபை கையில குடுத்து முதல் அப்படியே இருக்கட்டும், வட்டிய மட்டும் கோயிலுக்கு நெல்லா அளங்கன்னு சொல்றார். காசுக்கு வருஷம் ரெண்டு கலம், மொத்தம் 580 கலம். ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த நெல்லு வெளஞ்ச வயலத்தான் நாம 10 ரூபா டிக்கெட்ல பாத்துக்கிட்டு போறோம்.

நவம்பர் 24

ரயில் எப்ப வந்துச்சுன்னு கேட்டவருக்கு. 1902ல திருநெல்வேலியிலருந்து கல்லிடைக்குறிச்சி வரைக்கும் மட்டும் வந்துச்சு, அடுத்த வருஷம்தான் ஆத்தத் தாண்டி செங்கோட்டை. அதாவது ஒரு வருஷம் கல்லிடைதான் கடைசி ஸ்டேஷன், அக்கரைக்குப் போறவங்க எல்லாரும் அங்க எறங்கி ஆத்தக் கடந்துதான் போயிருக்கணும். இத படிச்ச அன்னிக்கு எனக்கு ரொம்ப சந்தோஷம், நா சொல்ற வழி புதுசு இல்ல, மொத மொதல்ல ரயில்ல வந்தவங்க போன வழியே அதுதான். மீட்டர் கேஜ் போயி 2012ல பெரிய வண்டி வந்துச்சு. பழைய வண்டில பாலத்து மேல போறப்ப சத்தம் ஒவ்வொரு கண்ணுக்கும் மாறும், சின்ன வயசுல அத எண்ணிக்கிட்டே போவோம்.

டிசம்பர் 2

பத்தமடைப் பாய் எங்க வாங்கன்னு. பத்தமடைக்குத் தனியா ஸ்டேஷன் இல்ல, சேரன்மகாதேவில எறங்கி பஸ்ஸு. இந்தப் பயணத்துல வேண்டாம். போனா நெய்யுற வீட்டுல போய் வாங்குங்க. கோரைய நுணுக்கமா கீறி தண்ணில நாள் கணக்கா ஊறப் போட்டுத்தான் பட்டுப்பாய்க்கு எடுப்பாங்க. கைல எடுத்து மடிச்சுப் பாருங்க, துணி மாதிரி விழும்.

டிசம்பர் 13

யாரும் இந்த வாரம் போகாதீங்க. ராத்திரி முழுக்க மழை, ஆத்துல வெள்ளம், குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கிருச்சு. 2023 டிசம்பர் 17, 18 ரெண்டு நாள்ல என்ன நடந்துச்சுன்னு இங்க யாரும் மறக்கல, அப்ப ஸ்ரீவைகுண்டத்துல ரயிலே நின்னு போயி எண்ணூறு பேர் கிட்ட மாட்டிக்கிட்டாங்க. தண்டவாளத்துக்கு அடில மண்ணே இல்லாம தொங்குச்சு. தம்பி, நீங்க 15ஆம் தேதின்னு சொல்லியிருந்தீங்க, தள்ளிப் போடுங்க. பொங்கல் முடியட்டும். அப்பாகிட்ட நாஞ் சொன்னேன்னு சொல்லுங்க.

டிசம்பர் 13, ராத்திரி

பதில் பாத்தேன். சரி. நிம்மதியா இருக்கு.

ஜனவரி 5, 2025

உங்கள அனுப்புறதுக்கு முன்னால நானே ஒரு தடவ பாத்துட்டு வந்துரலாம்னு நேத்து போயிட்டு வந்தேன். பாலம் நல்லா இருக்கு. அம்பை காசிநாதர் கோயில் படித்துறைல கீழ்ப்படியில பாசி ஜாஸ்தி, வெள்ளம் போனதுக்கு அப்புறம் மண்ணும் சேந்து வழுக்குது. அப்பா மூணாவது நாலாவது படியிலயே உக்காரட்டும், கால அங்கருந்தே தண்ணில வைக்கலாம். குளிக்கணும்னு ஆசப்பட்டா பாறை பக்கம் விடாதீங்க, இடுக்குல சுழி இருக்கு, ஊர்க்காரங்க குளிக்கிற எடத்துலயே குளிங்க. சோப்பும் பழைய துணியும் ஆத்துல விட வேண்டாம். படியோரம் ஒதுங்கிக் கெடந்த துணியப் பாத்து வயிறு எரிஞ்சது, ஆறேழு சேலை, வேட்டி, ஒரு புள்ள சட்ட, எல்லாம் மண்ணுல பாதி புதைஞ்சு. நானும் இன்னொரு பெரியவரும் கையில அகப்பட்டத இழுத்து மேல போட்டோம்.

கால வச்சு கொஞ்ச நேரம் அசையாம இருந்தா சின்ன மீனு வந்து கடிக்கும். வலிக்காது, குதிகால்லதான் மொதல்ல வரும்.

இன்னொண்ணு, போன தடவ நா சொன்ன வரிசையில ஒரு மாத்தம். கல்லிடைல மொதல்ல குலசேகரமுடையார் கோயில், அதுக்கப்புறம்தான் அப்பளம். அப்பளக் கட்ட கையில வச்சுக்கிட்டு கோயில் சுத்துறது செரமம், நொறுங்கிரும்.

ஜனவரி 20

தம்பி, நேத்து போயிட்டு வந்து நீங்க எழுதுனத மூணு தடவ படிச்சுட்டேன். மத்தவங்களுக்காக ஒண்ணு ரெண்டு மட்டும் குறிச்சு வைக்கிறேன்.

ஆட்டோக்காரர் பாலத்து முனையில காத்துக்கிட்டு இருந்தாராம், ஆனா அப்பா ஏறலையாம், இன்னும் கொஞ்ச தூரம் நடக்கேன்னு சொல்லி மெதுவா நடந்தே வந்துட்டாராம். ஆட்டோ பின்னாலயே ஊர்ந்து வந்துச்சாம். அந்த டிரைவர் நல்லா இருக்கணும். மூட்டுக்கு இன்னிக்கு எப்படி இருக்குன்னு எழுதுங்க, தைலம் தேச்சு விடுங்க.

படித்துறைல ரெண்டு மணி நேரம் ஒண்ணும் பேசாம உக்காந்திருந்தார்னு எழுதியிருக்கீங்க. அலுப்பா இருந்துருக்குமோன்னு நீங்க கவலப்படுறது புரியுது. அவரு திரும்பி வாறப்ப வண்டில என்ன சொன்னார்னு நீங்களே கீழ எழுதியிருக்கீங்களே, "அடுத்த தடவ துண்டு ஒண்ணு எடுத்துக்கணும்"னு. அலுத்தவரு துண்டு கேக்க மாட்டாரு. மாசி பொறந்ததும் கூட்டிட்டுப் போங்க, தண்ணி கொஞ்சம் வத்தி மணல் தெரிய ஆரம்பிக்கும், கீழ்ப்படி பாசியும் அதுக்குள்ள காஞ்சுரும்.

போறப்ப சொல்லுங்க, தோதுப்பட்டா நானும் கல்லிடை ஸ்டேஷனுக்கு வாறேன். அம்மை காட்டுன அந்தத் திருப்பத்துக்குள்ள நா இன்னும் போகல.